மூச்சு விடச் சொன்னவள்

யாதெலிஸ் தன் அம்மாவின் இடது சுண்டுவிரலில் இரண்டாவது பூச்சைத் தடவிக்கொண்டிருந்தபோது, வாசலில் கூட்டமாகக் காலடிச் சத்தம் கேட்டது. நகச்சாயம் நல்ல ரத்தச் சிவப்பு. "நான் செத்தா வெளிர் ரோஸ் எதையாவது பூசி என்னக் கன்னியாஸ்திரி ஆக்கிடாத" என்று அம்மா நூரிஸ் பலமுறை சொல்லியிருக்கிறாள். அழகுநிலையம் நடத்தும் மகளால் அந்தக் கட்டளையை மீற முடியுமா?

நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. அறுபத்தொரு வயது. இப்போது கூடத்தின் நடுவே, இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவில், திறந்த பெட்டிக்குள் பச்சைப் பூப்போட்ட கவுனில் படுத்திருந்தாள். வெளியே தெருவில் மேசை போட்டு டோமினோ ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பர்ரான்கியா நகரத்தில் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் அழுது முடித்ததும் ஆட வேண்டும், ஆடி முடித்ததும் சிரிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அபுண்டியோ பெரியவர் இதுவரை பதினோரு ஜோக் சொல்லியிருந்தார். அதில் நான்கைத்தான் பாதிரியார் காதில் விழும்படி சொல்ல முடியும்.

தம்பி எடில் ஐஸ் மூட்டையோடு உள்ளே வந்தான்.

"அக்கா, பசங்க வந்திருக்காங்க. ஒரு பஸ் நெறைய. முதுகுல பை, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. யாருப்பான்னு கேட்டா, அம்மாவோட ஆப்பு கேக்கறவங்களாம்."

யாதெலிஸின் கை நின்றது.

நூரிஸ் இருபத்திரண்டு வருடம் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் துப்புரவு வேலை பார்த்தவள். நான்கு வருடத்துக்கு முன்னால், தூக்கம் வராமலும் பரீட்சை பயத்தில் மூச்சுத் திணறியும் தவிக்கிற பிள்ளைகளுக்காக, மனநல மருத்துவர் லூதிஸ் ஒரு ஆப் கொண்டுவந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, அது சொல்கிறபடி மூச்சை இழுத்து விட வேண்டும். முதலில் வேறு ஊரிலிருந்து ஒரு குரலை வாங்கிப் போட்டிருந்தார்கள். அறையைத் துடைத்துக்கொண்டிருந்த நூரிஸ் அதைக் கேட்டுவிட்டு, "இந்தப் பொண்ணு மூச்சு விடச் சொல்றாளா, ஏர்போர்ட்டுல விமானம் கெளம்புதுன்னு சொல்றாளா?" என்றாள். லூதிஸ் சிரித்தார். "அப்ப நீங்க பேசுங்க பாப்போம்" என்றார். பேசினாள். அவள் குரலையே வைத்துவிட்டார்கள்.

யாதெலிஸ் அதை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "இது யார் வீட்டு அம்மா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டில் நூரிஸ் உப்பு எங்கே என்று கேட்டால் மூன்று தெரு தாண்டி யாராவது உப்பைத் தேடுவார்கள். ஆனால் அன்று சிரித்தவள் பிறகு அதைப் போட்டுக் கேட்கவே இல்லை. அப்படிப்பட்ட மெதுவான குரலில் அம்மா அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாணவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். சிலர் அந்த முகத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். கடைசியில் வந்த லூதிஸ், யாதெலிஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேதி தெரிஞ்ச ஒடனே அந்தக் குரல நிறுத்தி வெச்சுட்டோம்மா. உங்களக் கேக்காம ஓட விடறது சரியாப் படல. வேணாம்னா மொத்தமா எடுத்துடறோம். அடுத்த வாரம் பரீட்சைதான். ஆனா அதுக்காக நீங்க சரின்னு சொல்லணும்னு இல்ல."

"எடுத்துடுங்க டாக்டரம்மா." குரல் அவள் நினைத்ததைவிட ஓங்கி வந்துவிட்டது. அது அப்படியே அம்மாவின் குரல். "செத்துப்போனவ எப்படி அடுத்தவங்கள மூச்சு விடச் சொல்லுவா?"

வெளியே டோமினோக் கட்டைகளின் சத்தம் நின்றது.

ஜன்னல் வழியாக அபுண்டியோ தலையை நீட்டினார். "ஏம்மா, உயிரோட இருந்த வரைக்கும் இந்தத் தெருவுல ஒருத்தரையும் அவ மூச்சு விட விட்டதில்ல. இப்பவாவது விடச் சொல்லட்டுமே!"

எடில்தான் முதலில் சிரித்தான். ஐஸ் மூட்டை கையிலிருந்து நழுவி விழுந்து, கட்டிகள் கூடமெங்கும் ஓடின. அப்புறம் தெருவே சிரித்தது. யாதெலிஸ் பெரியவரை முறைத்துப் பார்த்தாள். முறைத்த முகத்தோடேயே அவளுக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

ஐஸ் பொறுக்கிக்கொண்டிருந்த ஒல்லியான பெண் ஒருத்தி நிமிர்ந்தாள். பெயர் மெய்லின், ஆற்றங்கரை ஊரொன்றிலிருந்து படிக்க வந்தவள்.

"அக்கா, மொத வருஷம் கணக்குப் பரீட்சை அன்னிக்கு நான் கக்கூசுல தாப்பா போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். கை காலெல்லாம் மரத்துப்போச்சு. அவங்க குரலக் காதுல போட்டேன். 'மெதுவா மகளே, ஒன்ன யாரும் தொரத்தல'ன்னு உள்ள சொல்லுது. வெளிய அதே குரல், 'எந்தக் கழுத சேத்துக் காலோட வந்துச்சு?'ன்னு கத்துது. எனக்குப் பைத்தியமே புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்!"

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது.

"கதவத் தொறந்ததும் வாளியக் கவுத்துப் போட்டு எதிர்ல உக்காந்தாங்க. 'போன்ல இருக்கறவ நல்லவதான், ஆனா அவளுக்குக் கை கெடையாது, எந்திரி'ன்னு சொல்லி டாக்டரம்மா ரூமுக்கு இழுத்துட்டுப் போனாங்க. அந்தப் பரீட்சைல பெயிலு. ஆனா இப்ப நாலாவது வருஷம் படிக்கறேன்."

"ஒன்கிட்ட மெதுவாவா பேசினா?" யாதெலிஸ் சட்டென்று கேட்டாள்.

"அட எங்கேக்கா! தொறக்கலேன்னா கதவ ஒடச்சிருவேன்னு கத்தினாங்க."

யாதெலிஸுக்கு ஏனோ அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அந்தக் கொரல வர வைக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு!" என்றார் லூதிஸ். "எவ்வளவு சொல்லியும் மைக்குல சந்தைக்கடை மாதிரிதான் கேட்டுச்சு. யாரையாவது மனசுல நெனச்சுக்கிட்டுப் பேசுங்கன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. 'சரி டாக்டரம்மா, வேல முடிஞ்சு வீட்டுக்குப் போறேன்னு வெச்சுக்கறேன். யாதெலிஸ் தூங்கறா. அவ முழிச்சுக்காம பேசிப் பாக்கறேன்'னாங்க. அந்த ஒரு தடவைலயே முடிஞ்சுபோச்சு."

யாதெலிஸ் தரையில் ஐஸ் உருகிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தாள். எடுத்த இடத்தையே மறுபடியும் ஒற்றினாள்.

"அடுத்த வாரம் பரீட்சைன்னீங்கல்ல? இன்னிக்கே போட்டு விடுங்க."

லூதிஸ் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அபுண்டியோ தம் பன்னிரண்டாவது ஜோக்கை ஆரம்பித்தார்.

மறுநாள் காலை சவ வண்டி தெருமுனை தாண்டவில்லை. மழை கொட்டித் தீர்த்துவிட்டது. சாலைக்குக் குறுக்கே மழைத் தண்ணீர் பழுப்பு நிற ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டு, "அரை மணி நேரம் ஆகும்" என்று சிகரெட் பற்றவைத்தார். கடைகளின் தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் ஒண்டினார்கள். யார் வீட்டிலிருந்தோ சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மிதந்து வந்தது, நேராக, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல. அது மின்கம்பத்தில் முட்டுமா தப்புமா என்று மாணவர்களும் டோமினோக்காரர்களும் பந்தயம் கட்டினார்கள். தப்பிவிட்டது. எடில் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். யாதெலிஸ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கறுப்புப் பாவாடையைத் தூக்கிச் செருகி, வண்டிக்கு வழி காட்ட முன்னால் இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.