இடம் இருந்தால்

கடைசிப் பெயரையும் வாசித்துவிட்டு அந்தக் கடற்படைப் பெண் மைக்கை அணைத்த பிறகும் எலொய்சா நின்ற இடத்திலேயே நின்றாள். பெயர் கூப்பிட்டதும் தாமதமாகிவிடக் கூடாது என்று கைப்பையைத் தோளில் மாட்டி, மேல்கோட்டைக் கையில் எடுத்து, பெட்டியின் கைப்பிடியையும் இழுத்து நீட்டி வைத்திருந்தாள். சில நாட்களாகத் தினமும் இதுதான். பெயர் வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வராதவர்களின் முகத்தைப் பார்க்காமல், பெட்டிகளை உருட்டியபடி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனார்கள். அவள் கணவர் லாலோ பெட்டியை வாங்கி, கைப்பிடியை மெதுவாக உள்ளே அழுத்தினார்.

"இன்னைக்கும் நமக்கு இல்ல, கிழவி."

"எத்தனை இடம்தான் இருந்துச்சு?"

"கொஞ்சம்தான். மேல இருக்கிறவங்களுக்கே சரியாப் போச்சு. நாம கடைசிப் பந்தி இல்லையா, மிஞ்சினாதானே நமக்குத் தட்டு."

இந்த வேடிக்கையை அவர் பத்து வருடமாகச் சொல்லி வருகிறார். ராணுவ விமானங்களில் ஆட்களும் சரக்கும் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் இருக்கைகளில், ஓய்வு பெற்றவர்கள் மனைவியோடு போகலாம். லாலோ விமானப் படையில் சரக்கு ஏற்றும் வேலையில் தலை நரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது சான் அன்டோனியோ வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் இப்படிக் கிளம்பிவிடுவார்கள். ஒக்கினாவா, சிசிலி, ஜெர்மனி என்று எங்கே விமானம் போகிறதோ அதுதான் அவர்கள் ஊர். எந்தத் தளத்தில் எந்தக் கிழமை விமானம், எந்த விடுதியில் மெத்தை நல்லது, எந்த கவுண்டரில் யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கவுண்டர் பக்கம் எலொய்சா போனதே இல்லை. அவள் வேலை சாண்ட்விச் கட்டுவதும் பெட்டியைப் பார்த்துக்கொள்வதும்தான். காத்திருப்பது கூட அப்போதெல்லாம் பயணத்தின் ஒரு ருசியாகத்தான் இருந்தது.

இந்த முறை ஸ்பெயினுக்கு அவர்களை அனுப்பி வைத்ததே மாரிபெல்தான். ஒரே மகள். கணையத்தில் வந்த கட்டிக்கு ஒன்றரை வருடம் மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, பிப்ரவரியில் மறுபடி புருவம் முளைத்திருந்தது. "என் மூஞ்சியையே பார்த்துட்டு உக்காந்திருக்காதீங்க ரெண்டு பேரும், எனக்கே சலிச்சுப் போச்சு, எங்கயாவது போய்த் தொலைங்க," என்று சிரித்தாள். கிரனாடாவில் ஒரு தேவாலயத்து வாசலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது மருமகன் ரூடி கூப்பிட்டான். கட்டி கல்லீரலுக்கு வந்துவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றான். "சீக்கிரம் வாங்க அத்தை," என்றவன், அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தானோ என்னவோ, "இன்னும் நல்லாத்தான் பேசுறா," என்றும் சேர்த்துக்கொண்டான். அன்றே பஸ் பிடித்து, ஸ்பெயினின் தென்கரையில் அமெரிக்கக் கடற்படை இருக்கும் ரோட்டா தளத்துக்கு வந்தார்கள்.

வந்ததிலிருந்து தினமும் மாரிபெல்லோடு பேசினாள். குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசுவது போல இருந்தது. "அம்மா, இடம் கிடைச்சுதா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால், "பரவாயில்ல, நான் எங்க ஓடிடப் போறேன்," என்பாள். ஒரு நாள் மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லு, அவரோட சிபாரிசு எல்லாம் கிழடு தட்டிப் போச்சுன்னு," என்றாள். எலொய்சா போனை லாலோவிடம் நீட்டினாள். அவர் கவுண்டர் பக்கம் போவதாகச் சைகை காட்டிவிட்டு நகர்ந்தார்.

"பேசாம டிக்கெட் வாங்கிப் போயிடலாம்," என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். "மூணு விமானம் மாறி நாளைக்கு ராத்திரி போய்ச் சேருவோம். நாளைக்கே பெரிய விமானம் வருது, நேரா அமெரிக்கா, நார்ஃபோக். அதுல கண்டிப்பா இடம் இருக்கும்," என்றார். அவர் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து எந்த ஊருக்குப் போவதானாலும் எப்போது கிளம்புவது, எதில் போவது என்று சொன்னவர் அவர்தான். அவள் கோபமெல்லாம் யாருக்கு முதலில் இடம் என்ற அந்த வரிசையின் மேல்தான் இருந்தது. அம்மா சாகக் கிடக்கிறாள் என்று போகும் சிப்பாய்க்கு முதல் இடம். சரி, அது நியாயம். ஓய்வு பெற்றவனுக்கு மகளே சாகக் கிடந்தாலும் கடைசி இடம்தானா? சாவுக்கும் பதவி உண்டா என்று நினைத்து, அந்தச் சொல்லை மனதில் வரவிட்டதற்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை லாலோ காபி வாங்கப் போயிருந்தபோது தெல்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜார்ஜியாக்காரி. கடற்படையில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி. இவர்களுக்கு இரண்டு நாள் கழித்து வந்தவர்கள். ஓயாமல் பேசுவாள்.

"நேத்து நீங்களாவது போயிருப்பீங்கன்னு நினைச்சேன். எங்க ஆளு முதுகு வலின்னு படுத்துட்டாரு. கடைசியில விமானம் பாதி காலியாப் போச்சாம், வயிறு எரியுது."

எலொய்சாவுக்குப் புரியவில்லை. "எங்க பேரை வாசிக்கவே இல்லையே?"

"வாசிக்கலையா? நீங்க எங்களுக்கு முன்னாடி ஆச்சே. காலையில கவுண்டர்ல போய், வந்திருக்கோம், இன்னைக்குப் போறோம்னு சொன்னாத்தான் வாசிப்பாங்க. உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாததா? எங்களுக்கே எல்லாம் சொல்லிக் குடுத்தது அவர்தானே!"

எலொய்சா எழுந்து கவுண்டருக்குப் போனாள். அந்தக் கடற்படைப் பெண்ணுக்கு மாரிபெல்லில் பாதி வயதுகூட இருக்காது. கான்ட்டூ என்று குடும்பப் பெயரைச் சொன்னதும் சிரித்தாள்.

"சாரை நல்லாத் தெரியும் மேடம். தினமும் வந்து பேசிட்டுப் போவாரு. இன்னைக்குப் போகல, ஆனா பேரை எடுத்துடாதீங்கன்னு சொல்லுவாரு. ஊர் ரொம்பப் பிடிச்சுப் போச்சு போல."

எலொய்சா கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு விமானம் இருக்கா?"

"மத்தியானம் இருக்கு. இடமும் நிறைய இருக்கு."

"என் பேரை மட்டும் போட்டுக்கோம்மா."

அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. "அப்படி முடியாது மேடம். இடம் சாரோடது. அவர் கூட வந்தாத்தான் நீங்க ஏற முடியும்."

லாலோ இரண்டு கைகளிலும் காபியோடு திரும்பி வந்து அவளைக் கவுண்டரில் பார்த்ததுமே நின்றுவிட்டார். அவள் அவரைக் கடந்து வெளியே நடந்தாள். அவர் பின்னால் வந்தார். கிழக்குக் காற்று வண்டி நிறுத்தத்தின் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. என்ன சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். ஏதாவது ஒரு பொய், நம்ப முடிகிற ஒரு காரணம், எதுவானாலும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவர் காபிக் கோப்பைகளைக் குப்பைத் தொட்டியின் மேல் அருகருகே வைத்தார்.

"எங்க அம்மா போனப்போ நான் ஜெர்மனியில இருந்தேன். அப்பா போனப்போ கொரியாவுல. தம்பி போனப்பவும் வர முடியல. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தந்தி வரும், இல்ல போன் வரும். சவப்பெட்டியில நம்ம ஆளுங்க ஒருத்தரையும் நான் பார்த்ததில்ல, எலொய்சா. அதனால எனக்கு யாரும் சாகல. எங்க அம்மா இன்னைக்கும் அடுப்புகிட்ட நின்னு மாவு பிசையுறா. தம்பி அந்த ஓட்டை டிரக்கைத் துடைச்சுக்கிட்டிருக்கான். மாரிபெல்லையும் அப்படியே வெச்சுக்கணும்னு..." அவர் ஒரு கோப்பையை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "ஒரு நாள் தள்ளிப் போடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் அடுத்த நாளும் அதே மாதிரி ஆயிடுச்சு."

"நீ பார்க்க வேணாம்யா. கண்ணைப் பொத்திக்கோ, வாசல்லயே படுத்துக்கோ, என்ன வேணா செய். நான் பார்க்கணும். நான் பெத்தவ. அவ தினமும் கேட்டாளே, இடம் கிடைச்சுதா, இடம் கிடைச்சுதான்னு. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

"இப்பவே போய்ச் சொல்லு. போறோம்னு."

அவர் போய்ச் சொன்னார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். மத்தியானம் மைக்கில் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். சீருடைக்காரர்கள், அவர்களின் குழந்தைகள், ஒரு பள்ளி ஆசிரியை, பிறகு ஓய்வு பெற்றவர்கள். "கான்ட்டூ, ரெண்டு பேர்." எலொய்சா எழுந்தாள். லாலோ எழவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றியபடி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழ முயல்வது போலத் தோள்கள் ஒரு முறை முன்னே வந்தன. அவ்வளவுதான். "கான்ட்டூ," என்று அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். மைக்கிலிருந்து வாயை எடுத்துவிட்டு, "சார்?" என்று நேராகவே கேட்டாள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எலொய்சா அவர் சட்டையின் தோளைப் பிடித்தாள். துணிக்குள் அந்தப் பெரிய உடம்பு காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. ஆயிரக்கணக்கான டன் சரக்கை ஏற்றி இறக்கிய உடம்பு. அதை அவளால் ஒரு அங்குலம் நகர்த்த முடியாது. அடுத்த பெயர் தெல்மாவுடையது. அவளும் இவர்கள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை உருட்டிக்கொண்டு தாண்டிப் போனாள்.

எலொய்சா தன் பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு தளத்தின் வாசல் வரை நடந்தாள். டாக்சிக்காரரிடம் ஸ்பானியத்தில் விமான நிலையம் என்றாள். எது என்று அவர் கேட்டார். எங்கிருந்தாவது இன்றே அமெரிக்காவுக்குப் போக முடிகிற எதுவானாலும் சரி என்றாள். பிறந்ததிலிருந்து அவள் தனியாக விமானம் ஏறியதில்லை. மாட்ரிட்டில் தவறான வரிசையில் நின்றாள். டல்லாஸில் ஒரு துப்புரவுப் பெண் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விமானம் ஏறும் வாசலில் விட்டாள். எல்லா விமானத்திலும் ஜன்னலும் மெத்தையும் உள்ள இருக்கைகள், தட்டில் சாப்பாடு. சரக்கு விமானத்தின் பக்கவாட்டுப் பெஞ்சில், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து தூங்கியதெல்லாம் நினைவுக்கு வந்து, அந்த நினைவின் மேலேயே ஆத்திரம் வந்தது.

ரூடி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

"மாமா?"

"வரல. எப்படி இருக்கா?"

"இருக்கா அத்தை. ஆனா நேத்து மத்தியானத்துல இருந்து கண்ணே திறக்கல. இனிமே திறக்க மாட்டான்னு நர்ஸ் சொல்லுது." அவன் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான். "நேத்துக் காலையில கூடப் பேசினா. அம்மாவுக்கு இடம் கிடைச்சுதான்னு கேட்டா. கிடைச்சிருச்சு, வந்துக்கிட்டே இருக்காங்கன்னு பொய் சொன்னேன். தப்பா?"

நேற்று மத்தியானம் அவள் ஒரு சட்டையின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின நாள் ஒரு விமானம் பாதி காலியாகப் போனது. எலொய்சா உள்ளே போனாள்.

கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். இவ்வளவு சின்ன உடம்பை அவள் பெறும்போதுதான் கடைசியாகப் பார்த்தாள். புருவங்கள் மட்டும் கருகருவென்று புதிதாக இருந்தன. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நெற்றியைத் தடவி, "வந்துட்டேன்டி கண்ணு," என்றாள். இமை அசையவில்லை. மறுபடி சொன்னாள். பிறகு ரூடியைத் தூங்கப் போகச் சொல்லிவிட்டு, ஈரப்பஞ்சால் அந்த உதடுகளை நனைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே டெக்சஸ் வெயில் ஜன்னல் திரையை வெள்ளையாக்கியது. மூச்சு வந்தது, நின்றது. இனி இல்லை என்று நினைக்கும்போது மறுபடி வந்தது.

போன் அடித்தது. லாலோ. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"போய்ச் சேர்ந்துட்டியா?" அவர் குரல் கரகரத்தது. "கிழவி, எப்படி இருக்கா? நல்லாத்தானே இருக்கா?"

தூங்குகிறாள் என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. அதை வைத்துக்கொண்டு அவர் அந்தத் தளத்துக் கூடத்தில், அந்த நாற்காலியில், எத்தனை வருடம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பார். திட்டலாம். அதற்கும் அவள் வாயில் ஈரம் இல்லை. "எலொய்சா?" என்றார். "ஏதாவது சொல்லு."

அவள் போனைத் தலையணையில், மகளின் வாய்க்கு அருகில் வைத்தாள். திரையில் நொடிகள் ஓடத் தொடங்கியிருந்தன. மாரிபெல்லின் மூச்சு உள்ளே போய், வெகு நேரம் எங்கோ தங்கி, திரும்பி வந்தது. போனுக்குள் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அவர் போனை வைக்கவில்லை. எலொய்சா பஞ்சைக் கிண்ணத்தில் நனைத்துப் பிழிந்தாள்.