ரத்தான விமானத்துக்கு ஒரு சான்று

விமானக் கம்பெனிக்கு எழுதிய முதல் புகாரிலேயே தனக்குப் பணம் வேண்டாம் என்று மலையாண்டி எழுதிவிட்டார். அவர்கள் குழம்பியது அங்கேதான். பணம் கேட்பவனுக்கு இல்லையென்று சொல்லப் பழகிய ஆட்கள், வேண்டாம் என்கிறவனை என்ன செய்வார்கள்?

அவர் கேட்டது ஒரு கடிதம். காலை ஆறே முக்காலுக்குச் சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளம்ப வேண்டிய விமானம் ரத்தானது, மலையாண்டி என்கிற பயணி நேரத்துக்கு வந்து காத்திருந்தார், தவறு அவருடையதல்ல. இவ்வளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வட்டச் சீல் வைத்துத் தர வேண்டும்.

அன்று விடியற்காலை மூன்று மணிக்கு மதுரையை ஒட்டிய ஆனையூரில் அவருடைய அக்கா செல்லக்கிளி செத்துப்போயிருந்தாள். கூடப்பிறந்தவள் செத்தால் தம்பி புதுச்சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்று அதற்குப் பெயர். அது விழாமல் தூக்க மாட்டார்கள். மனைவி தீபாவளிக்கு எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்த அரக்குப் பட்டுச்சேலையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எட்டரைக்கு அங்கே இருப்பேன், தூக்கிவிடாதீர்கள் என்று அக்கா மகள் இசைவாணியிடம் போனில் சொல்லிவிட்டு ஓடினார்.

ஆறே முக்கால் எட்டானது. எட்டு ஒன்பதரையானது, ஒன்பதரை பதினொன்றரையானது. பலகையில் போட்ட நேரத்தை ஒவ்வொரு தடவையும் நம்பினார். எழுத்தில் வந்துவிட்டால் நம்புகிற மனுஷன் அவர். ஒரு மணிக்கு ரத்து என்று போட்டார்கள். ஏழு மணிக்கே கார் பிடித்திருந்தால் அக்காவின் முகத்தையாவது பார்த்திருக்கலாம். பிறகு கார் பிடித்து ராத்திரி அவர் போய்ச் சேர்ந்தபோது வந்த சனம் கலைந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஐந்து மணி வரை வைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கியிருந்தார்கள். சாப்பிடுகிறீர்களா மாமா என்று மட்டும் இசைவாணி கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பழைய கதை ஒன்றும் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் புது வீட்டுப் பால் காய்ப்புக்கு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார். நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவள் வரவில்லை. அக்காவே வரவில்லையே என்று இவருக்குக் கோபம். ரெண்டும் ஒரே வயிற்றில் பிறந்த வீம்பு, யார் இறங்கி வருவது? அவளுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் நடக்கிறது என்று தெரிந்தும், அடுத்த மாதம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்றே தள்ளிக்கொண்டிருந்தார். இப்போது கோடியும் விழவில்லையென்றால் சாதி சனம் என்ன பேசும்? வேண்டுமென்றே வராமல் இருந்துவிட்டான் என்றுதானே பேசும்? அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

காகிதத்தின் அருமையை அவருக்குக் கற்றுத் தந்தவளே அக்காதான். களையெடுக்கிற கூலியை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துச் சாதிச் சான்றிதழுக்காகத் தம்பியை இழுத்துக்கொண்டு ஏழு தடவை தாலுகா ஆபீசுக்கு நடந்தவள். சீல் இல்லாத காகிதத்தை எவன்டா மதிப்பான் என்பாள். அந்தத் தம்பி பிறகு அதே மாதிரி ஒரு ஆபீசில் உட்கார்ந்து முப்பது வருஷம் சீல் குத்தினான்.

கம்பெனி முதலில் வானிலை சரியில்லை என்றது. அன்றைக்குச் சென்னையிலும் மதுரையிலும் வெயில் மண்டையைப் பிளந்ததை எழுதினார். பிறகு அடுத்த பயணத்துக்கு வவுச்சர் தருகிறோம் என்றார்கள். இனி நான் எந்த அக்கா சாவுக்குப் பறக்க வேண்டும் என்று கேட்டு எழுதினார். ஒரு கடிதம் வந்தது, கம்ப்யூட்டரில் எடுத்தது, கையெழுத்துத் தேவையில்லை என்ற வரியோடு. அதைத் திருப்பியனுப்பினார். பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட அவர் போகவில்லை. காகிதம் இல்லாமல் எந்த முகத்தோடு போவது? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்று வக்கீல் நோட்டீஸ் விட்ட பிறகுதான், நாற்பத்து மூன்றாம் நாள், சீலும் கையெழுத்துமாகக் கடிதம் வந்தது. லேமினேஷன் போட்டார். சொந்தக்காரர்களுக்குக் காட்ட ஐந்து நகல் எடுத்தார். பட்டுச்சேலையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆனையூர் வீட்டில் இசைவாணி மட்டும்தான் இருந்தாள். கடிதத்தை வாங்கி முழுசாகப் படித்தாள். அவள் முகம் மாறவேயில்லை.

"ஃபிளைட் கேன்சல்னு அன்னைக்கே போன்ல பாத்துட்டேன் மாமா. நீங்க வேணும்னு வராம நிக்கலன்னு தெரியும்."

அப்புறம் எதற்கு என் கூடப் பேசவில்லை என்று கேட்டார்.

"என்ன பேசுறது? அம்மா ஆடி மாசமே ஒரு சேலை வாங்கி வச்சிருந்துச்சு. டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது ஆட்டோவ நிறுத்தி, அதுவே கடைக்குள்ள ஏறி எடுத்துச்சு. பச்சைக் கரை போட்ட நூல் சேலை. என் தம்பி வரலைன்னா, அவன் முன்னாடியே குடுத்து விட்டதுன்னு சொல்லி இதப் போத்திரு, நாலு பேரு முன்னால அவனை ஒரு சொல் சொல்லிறக் கூடாதுன்னுச்சு. அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்காகப் பாத்தேன். அதுக்கப்புறம்தான் பீரோவத் திறந்தேன்."

மலையாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வரமாட்டான் என்று அவள் ஆடியிலேயே முடிவு கட்டியிருக்கிறாள். அந்த ஆடியில் அவர் ஒரு போன் பண்ணியிருந்தால் போதும். வாய்விட்டு அழுதார். இசைவாணி தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் பட்டுச்சேலையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்யட்டும் என்றார்.

"பைக்குள்ளயே வச்சிருங்க மாமா. யாரும் பாக்க வேணாம். பாத்தா, அம்மா மேல கிடந்தது யாரு எடுத்ததுன்னு கேப்பாக."

சேலையை வைத்தார். லேமினேஷன் காகிதத்தை அதற்கடியில் வைத்தார். ஐந்து நகலையும் வைத்தார். வாசலில் இறங்கும்போது எதிர்வீட்டு ராமக்காள் குடத்தோடு நின்றிருந்தாள்.

"நீங்கதான் சென்னைத் தம்பியா? வர முடியாட்டியும் கோடிய முன்கூட்டியே குடுத்து விட்டீகளாமே. அக்கா மேல எம்புட்டுப் பாசம்."

பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் அத்தாட்சி இல்லாமல் ஒரு வார்த்தை சொல்லாதவர்.

"ஆமாம்மா," என்றார். "நாந்தான் எடுத்தேன். பச்சைக் கரை போட்டது."