அண்டா அவனிடம், டிரம் அவளிடம்

சேர்ந்து வாழ்ந்த எவரிஸ்தோவும் ஓதில்யாவும் பிரிந்தபோது சாமான்களைப் பங்கு போடுவதில் சண்டை வரவில்லை. பீர் காய்ச்சும் பெரிய அண்டாவும் கேஸ் அடுப்பும் அவனுக்கு வந்தன. நொதிக்க வைக்கும் டிரம் அவளிடமே தங்கிவிட்டது. மெக்கானிக் ஹெனாரோவின் பட்டறைக்குப் பின்னால் எவரிஸ்தோ வாடகைக்கு எடுத்திருந்த தகரக் கூரை அறை பகலில் கொதிக்கும், இரவில் விறைக்கும். அங்கே வைத்தால் பீர் கெட்டுவிடும். அவள் வீட்டுச் சரக்கறையிலோ எப்போதும் ஒரே சீரான குளிர்ச்சி.

அதனால் மர அறுவை மில்லில் வேலை இல்லாத நாட்களில் அவன் பட்டறை முற்றத்தில் முளைகட்டிய பார்லி மால்ட்டைக் காய்ச்சி, ஆற வைத்து, கேன்களில் ஊற்றி அவள் வீட்டுக்கு எடுத்துப்போவான். அவள் டிரம்மைக் கழுவித் தயாராக வைத்திருப்பாள். பாட்டில்கள் ஆளுக்குப் பாதி. பீருக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

நொதிப்பு அடங்கியதும் அவள் போனில் செய்தி அனுப்புவாள், குமிழி நின்றுவிட்டதென்று. வாசனைக்காக ஹாப்ஸ் பூவைப் போட வேண்டிய நேரம் அது. இலையுதிர்காலம் தொடங்கும் அந்த மார்ச்சிலும் செய்தி வந்தது. எல் போல்சோன் பள்ளத்தாக்கு முழுக்க அறுவடையான ஹாப்ஸ் காயும் மணம். தோட்டத்தில் வேலை செய்யும் நண்பனிடம் புதுப்பூவாக ஒரு பை வாங்கி வந்து, கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்தான்.

"ஏம்ப்பா, பூ போடப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றான் ஹெனாரோ, வண்டிக்கு அடியில் படுத்தபடியே. எவரிஸ்தோ பூப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஓதில்யாவின் வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. திரைச்சீலைகளைக் கழற்றியிருந்தாள். தெற்கே எஸ்கெல் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை கிடைத்திருக்கிறதாம், வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த வாரச் சனிக்கிழமை கிளம்புகிறாளாம். சுரைக்குடுவையில் மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதரின் சேதியைப் போலச் சொன்னாள். அவன் உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தான். நல்ல வேலைதான் என்றான்.

"டிரம்ம நீயே வச்சுக்க. எனக்கு அங்க எதுக்கு?"

அண்டா, அடுப்பு, டிரம் எல்லாமே இனி அவனுடையது. அவன் எழுந்து போய் டிரம்மின் மூடியில் காது வைத்தான்.

"இன்னும் நொதிச்சு முடியல ஓதில்யா," என்றான் சரக்கறையில் குனிந்து. "ரெண்டு மூணு நாள் போவட்டும். அப்புறம் பூ போடலாம்."

"முந்தாநாளும் அளந்தேன், இன்னிக்கும் அளந்தேன். இனிப்பு அளக்குற மிதவைக்கோல் அதே கோட்டுலதான் நிக்குது. முடிஞ்சிருச்சு."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கொதிநீரில் போட்டெடுத்த துணிப்பையில் பூவை நிரப்பி முடிச்சுப் போட்டான். காற்று அதிகம் புகாமல் அவள் மூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கிப் பிடிக்க, அவன் பையை உள்ளே நழுவவிட்டான். ஆரஞ்சுத் தோலும் பச்சை மரமும் கலந்த மணம் குப்பென்று எழுந்தது. இருவர் தலையும் ஒட்டினாற்போல இருந்தன. அவள் மூடியை அழுத்திவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டாள்.

மூன்று நாளில் எடுத்துவிட வேண்டிய பை அது. அவன் தினமும் வேலை முடிந்து வந்தான், மூடியருகே மூக்கை வைத்தான், இன்னும் ஒரு நாள் ஊறட்டும் என்றான். அவள் சரி என்றாள். பிறகு ஏதாவது ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுப்பான், பரணிலிருந்து எதையாவது இறக்குவான். ஒரு நாள் இருவரும் தரையில் உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் தின்றார்கள், மேசை விற்றுப் போயிருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வேறு வழியில்லை. அவன் பையை வெளியே எடுத்துவிட்டு, பீரைப் பாட்டிலில் பிடித்துப் பிடித்துக் கொடுக்க, அவள் மூடி வைத்து அழுத்தினாள். மறுநாள் அவள் தங்கையின் கணவன் வேனோடு வந்தான். ஓதில்யாவின் பங்குப் பாட்டில்களை எவரிஸ்தோவே ஏற்றி, உடையாமலிருக்க நடுவில் கம்பளியைச் செருகினான். அவள் அவன் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள், ஊரில் எல்லோருக்கும் வைப்பதைப் போல. வேன் நெடுஞ்சாலையில் ஏறும்வரை பார்த்திருந்துவிட்டு, டிரம்மைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்தான் அதற்கு இடம் கிடைத்தது.

குளிர் தொடங்கியபோது அவன் முதல் பாட்டிலைத் திறந்தான். வெட்டிப்போட்ட புல்லை மென்றதுபோல ஒரு பச்சைக் கசப்பு. அந்த வாரமே ஓதில்யாவிடமிருந்து செய்தி வந்தது.

"புல்லு வாடை அடிக்குது. பை ரொம்ப நாள் கெடந்துச்சு."

"அப்பவே சொல்லிருக்கலாம்ல?" என்று அடித்து அனுப்பினான்.

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "சொல்லிருக்கலாம்," என்று வந்தது.

அதற்கு என்ன எழுதுவதென்று யோசித்து, எழுதி, அழித்தான். குடிக்க முடியாவிட்டால் கொட்டிவிடு என்று கடைசியில் அனுப்பினான். குடிக்கிறேன் என்றாள் அவள். அதன் பிறகு அவளும் எழுதவில்லை, அவனும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை. எவரிஸ்தோ இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். ஹெனாரோ ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான், எவரிஸ்தோவைப் பார்த்தான், எதுவும் கேட்காமல் அடுத்த வாயைக் குடித்தான். தகரத்தில் மழை பலமாகக் கொட்டியது.