முப்பத்தொன்றாம் தேதிப் பராமரிப்பு

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதைக்காக எழுதியது அல்ல. தலைநகர் மாலேயில் ஓர் அமைச்சகத்தில் பத்தொன்பது வருடம் சுற்றறிக்கை எழுதிப் பிழைத்தவன் நான். வாக்கியம் இது:

"மாதத்தின் முப்பத்தொன்றாம் நாளில் இரு படகுகளும் பராமரிப்புக்காக ஓய்வில் இருக்கும்."

பார்க்க எவ்வளவு சாது! அமைச்சர் படித்துவிட்டுத் தலையாட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

கதையை எப்படித் தொடங்குவது என்றுதான் மூன்று நாளாகத் திண்டாட்டம். முதல் தொடக்கம்: "தென்கோடித் தீவில் அன்று காலை கடல் கண்ணாடிபோல்..." அன்று கடல் அப்படி இல்லை, மேற்கே இழுத்துக்கொண்டிருந்தது. அடித்துவிட்டேன். இரண்டாவது: "சிறிய நாடு என்பது இரண்டு யானைகளுக்கு நடுவே..." யானையே இல்லாத ஊரில் என்ன யானை வேண்டிக்கிடக்கிறது? அதையும் அடித்தாயிற்று. நேராகப் படகுக்குப் போய்விடலாம்.

2

எங்கள் மண்ணில் தென்னை விளையும், கடலில் சூரை மீன் கிடைக்கும். மற்றதெல்லாம் கப்பலில் வரவேண்டும். டீசல் ஒரு பெரிய நாட்டிலிருந்து வருகிறது, ரொட்டிக்கு மாவு இன்னொரு பெரிய நாட்டிலிருந்து. அவர்கள் இருவருக்கும் ஆகாது. ஒருவர் முகம் சுளித்தால் எங்கள் விளக்கு அணையும், மற்றவர் சுளித்தால் அடுப்பு அணையும். எங்கள் பொருளாதாரக் கொள்கையும் பாதுகாப்புக் கொள்கையும் இவ்வளவுதான். மீதி எழுபது பக்கம் நான் சேர்த்தது.

உலகமே கொந்தளித்துக் கிடந்த ஒரு வருடம், இருவரும் ஆளுக்கொரு காவல் படகைப் பரிசளித்தார்கள். டீசல்காரர் கொடுத்தது பச்சை, மாவுக்காரர் கொடுத்தது வெள்ளை. [நாடுகளின் பெயரை எழுதி அடித்திருக்கிறேன். பழக்க தோஷம்.] தன் படகை நிறுத்த இருவருக்கும் அதே தென்கோடித் தீவுதான் வேண்டியிருந்தது, பெரிய கப்பல்கள் போகும் வழி அங்கேதான். இரண்டு படகுக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தது ஐந்து ஆட்கள்.

போன பத்தியில் பச்சை முதலில் வந்துவிட்டது. ஆகவே இந்தப் பத்தியில் வெள்ளை. வெள்ளை இரட்டைத் தேதிகளில் ஓடும், பச்சை ஒற்றைத் தேதிகளில் ஓடும் என்று ஏற்பாடு. ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு வெள்ளையின் தூதர் ஒரு நாட்காட்டியோடு வந்து உட்கார்ந்தார். முப்பத்தொன்று வரும் மாதங்களால் ஒற்றை நாள்கள் வருடத்துக்கு ஏழு கூடுகின்றன என்றார். நாங்களும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம், ஏழேதான்.

அந்த ஏழு நாளைப் பங்கிடலாம் என்றார் ஒரு அதிகாரி. ஏழு நாளை எப்படி இரண்டாகப் பங்கிடுவது என்றார் இன்னொருவர். மிஞ்சும் ஒரு நாள் இந்த வருடம் ஒருவருக்கு, அடுத்த வருடம் மற்றவருக்கு என்றேன் நான். "முதல் வருஷம் யாருக்குய்யா?" என்று அமைச்சர் கேட்டார். அப்போதுதான் எனக்கு அந்த வாக்கியம் தோன்றியது. பராமரிப்பை யார்தான் எதிர்ப்பார்கள்?*

* லீப் வருடத்தில் பிப்ரவரி இருபத்தொன்பதும் ஓய்வு. அதைக்கூட நான் மறக்கவில்லை. பெரிய கெட்டிக்காரன்.

3

இப்போது சவாது. தீவின் துறைமுகக் காவல் அறைக்குப் பொறுப்பானவன். முதல் பிரதியில் அவனை வீரனாக எழுதினேன், இரண்டாம் பிரதியில் கோழையாக. இரண்டும் பொய். அவன் அறைச் சுவரில் இரண்டு ஆணிகள், இரண்டு சாவிகள். ஆணிகள் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும் என்று மாலேயிலிருந்து ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். தினமும் காலையில் நாட்காட்டியைப் பார்த்து ஒரு சாவியை எடுத்துக் கொடுப்பான். அவ்வளவுதான் அவன் அரசியல்.

அன்று முப்பத்தொன்றாம் தேதி. சவாது சாவி எதையும் எடுக்கவில்லை. முந்தின நாள் விடியலில் சூரை பிடிக்கப் போன லதீபின் தோணி திரும்பியிருக்கவில்லை. அன்று காலை ஏழு மணிக்கு லதீப் தன் மனைவியைக் கைபேசியில் கூப்பிட்டிருந்தார். இன்ஜின் நின்றுவிட்டது, மேற்கே இழுக்கிறது, குடிக்கத் தண்ணீர் அரைக் குடம், கூட இருக்கிற ஆளுக்குக் காய்ச்சல். அத்தோடு கைபேசி செத்துவிட்டது. கரையில் இருந்த இரண்டு தோணிகள் தேடிப் போயின. அந்த நீரோட்டத்துக்கு அவை ஈடுகொடுக்காது என்று போனவர்களுக்கே தெரியும். மதியம் தாண்டினால் தோணி எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கிருந்து ஆப்பிரிக்கா வரை மண் கிடையாது.

லதீபின் மனைவி ஷபீகா படகுத்துறையில் தேநீர்க்கடை வைத்திருப்பவள். [கர்ப்பிணி என்று எழுதி அடித்துவிட்டேன். புருஷன் கடலில் கிடப்பது போதாதா?] அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து சவாதின் வாசலில் நின்றாள்.

"என்ன சவாது, படகு கெளம்பலையா?"

"இன்னைக்கு முப்பத்தொண்ணுக்கா."

"அதுக்கு?"

"ரெண்டுக்கும் ஓய்வு."

"படகுக்கு ஓய்வு சரி. கடலுக்கு யாரு ஓய்வு குடுத்தா? நீயா, மாலேக்காரனா?"

சவாது தலையைக் குனிந்துகொண்டான். ஐந்து ஆட்களும் வெளியே மதில்மேல் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டு, இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எனக்கு ஆசையில்லன்னா நெனைக்கிறீங்க? நான் பாட்டுக்கு ஒண்ண எடுத்துட்டுப் போனா, அடுத்த மாசம் டீசல் கப்பல் வராது. இல்ல மாவுக் கப்பல் வராது. ஊரே என்னைத் திட்டும்."

"திட்டட்டும். நான் உன் பக்கம் நின்னு திருப்பித் திட்றேன். வாய்க்கு எனக்கென்ன பஞ்சமா? உன் வீட்டுக்கு மீன் குடுத்தனுப்பும்போது அவரு என்னைக்காவது தேதி பாத்தாரா, சொல்லு?"

சவாது மணியைப் பார்த்தான். பத்தேகால். "மாலேக்குப் போன் போட்டுக் கேக்கறேன்க்கா" என்றான். அதைச் சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

4

இங்கே சில முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

வெள்ளை போகிறது, தோணியை இழுத்து வருகிறது. மறுமாதம் டீசல் கப்பல் "காலநிலையால்" தாமதமாகிறது. மீட்கப்பட்ட லதீப் எண்ணெய் இல்லாத தோணியின்மேல் உட்கார்ந்து கால் ஆட்டுகிறார்.

பச்சை போகிறது. ஊரில் மூன்று வாரம் ரொட்டி இல்லை. ஷபீகாவின் கடை மூடிக்கிடக்கிறது.

இரண்டும் ஒன்றாகப் போய், ஆளுக்கொரு கயிறு கட்டி இழுத்து வருகின்றன, தூதர்கள் கைகுலுக்குகி... ஐந்து ஆட்களை வைத்துக்கொண்டு அது நடக்காது. ஆசைப்பட்டு எழுதியதுதான்.

இந்த மூன்றையும் எழுதி எழுதி நான் தள்ளிப்போட்டது ஒன்று உண்டு. சவாது அழைத்தபோது தொலைபேசியை எடுத்தது நான்தான்.

5

அவன் சொன்னதையெல்லாம் கேட்டேன். "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு இயக்குநரைத் தேடிப் போனேன். அவர் ஒரு தூதருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். [எந்தத் தூதர் என்று கேட்காதீர்கள்.] கதவுக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றேன். கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

இயக்குநர் வெளியே வந்தார். சொன்னேன்.

"இன்னைக்கு என்ன தேதி?"

"முப்பத்தொண்ணு சார்."

"நீங்க எழுதின விதிதானே? அப்புறம் என்ன கேள்வி? நாளைக்கு ஒண்ணாந்தேதி, பச்சை போகட்டும்."

"நாளைக்குள்ள தோணி எங்கேயோ போயிடும் சார்."

"அதுக்கு நான் என்னய்யா பண்றது?"

கெட்டவர் இல்லை அவர். மூன்று லட்சத்துச் சொச்சம் பேருடைய அடுப்பையும் விளக்கையும் தலையில் சுமந்துகொண்டு திரிந்தவர். நான் மேசைக்கு வந்து ரிசீவரை எடுத்து, "சவாது" என்றேன். பதில் இல்லை. அவனும் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். தூரத்தில் ஷபீகாவின் குரல் கேட்டது: "கயித்த அவுருங்கடா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!" அடுத்து ஓர் இன்ஜின் உறுமத் தொடங்கியது.

இயக்குநர் என் பின்னாலேயே வந்திருக்கிறார். ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"என்னய்யா சத்தம் இது?"

பத்தொன்பது வருடத்தில் நான் யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

"பராமரிப்பு சார்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ரிசீவரை மெல்ல வைத்துவிட்டு, "இன்னைக்கு அதுக்குத்தானே ஒதுக்கியிருக்கு" என்று சொல்லித் தன் அறைக்குப் போய்விட்டார்.

6

முடிவைச் சொல்லவேண்டிய இடம் இது. பாதி சொல்கிறேன். லதீபும் கூடப் போனவரும் சாயங்காலம் ஷபீகாவின் கடையில் சூடாகக் கருதியா மீன்சாறு குடித்தார்கள். அந்தத் தீவில் அறுநூறு பேர் கரையில் நின்று பார்த்திருக்கிறார்கள். எந்தப் படகு போனது என்று பிறகு இரண்டு தூதரகத்து ஆட்களும் தனித்தனியாக வந்து விசாரித்தார்கள். அறுநூறு பேருக்கும் நிறம் மறந்துபோயிருந்தது. ஷபீகா மட்டும், "எனக்கு அவரு முகந்தான் தெரிஞ்சுது. உக்காருங்க, டீ போடறேன்" என்றாளாம்.

மாவும் வந்தது, டீசலும் வந்தது.

எனக்கு நிறம் தெரியும். சவாதே சொன்னான். எழுதினால் இந்தக் கதையில் ஒரு நிறத்தின் கணக்கில் ஒன்று கூடிவிடும், யாராவது நாட்காட்டியோடு வந்து உட்காருவார்கள். ஆகவே கடைசி வாக்கியத்தை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். நிரப்பிக்கொள்ளுங்கள், யாரிடமும் காட்டாதீர்கள்.

முப்பத்தொன்றாம் தேதி, பத்து ஐம்பத்தைந்துக்கு, சவாது ........ சாவியை ஆணியிலிருந்து எடுத்தான்.