சாவி யார் கையில்

சிக்னி டாலஃப்சனுக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான். அமெரிக்காவின் வடகோடியில், டுலூத் நகரத்தில், ஒரே அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கெர்னல் எழுதுகிறவள். அதாவது கணினியின் அடிமட்டத்தில் உட்கார்ந்து மற்ற நிரல்களுக்கெல்லாம் வேலை பங்கிட்டுக் கொடுக்கிற மூல நிரல். அவள் எழுதியதில் பிழை கண்டுபிடித்தவர்கள் குறைவு. கண்டுபிடித்த பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டவர்கள் இன்னும் குறைவு.

அந்த வியாழக்கிழமை காலை அவள் தட்டிக்கொண்டிருந்தது, கூட வேலை பார்க்கிற மார்செல் திபோடோவின் ஆறு மாத உழைப்பைப் பிடுங்கி எறிவதற்கான உத்தரவு.

காரணம் சின்னதில்லை. ஆம்புலன்ஸ் அனுப்பும் மையம் ஒன்றில் இவர்களுடைய புதிய கெர்னல் ஏறி மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு தடவையாவது பெரிய இயந்திரம் நாற்பது விநாடி அப்படியே ஹேங் ஆகிவிடும். அந்த நாற்பது விநாடியும் தொலைபேசி அடிக்கும், வண்டி கிளம்பாது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சரியாகாவிட்டால் பழைய கெர்னலுக்கே திரும்பிவிடுவோம் என்று மையம் சொல்லிவிட்டது. புதியதில் இருந்த ஒரே பெரிய மாற்றம் மார்செலுடையது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதைத் திருத்தினாலும் அடியில் 'பிழை வந்த வழி' என்று ஒரு வரி எழுதி, பிழையைக் கொண்டுவந்தவரின் பெயரைப் போட வேண்டும். உலகம் உள்ளவரை அது பதிவில் நிற்கும். வழக்கத்தைக் கொண்டுவந்தவளே சிக்னிதான். "கூடப்பொறந்த தம்பியா இருந்தாலும் பேரைப் போட்டுருவேன்" என்பாள். இப்போது அந்த வரியில் மார்செலின் பெயரை எழுதி முடித்திருந்தாள்.

மார்செல் தெற்கே வெக்கை ஊரான லூசியானாக்காரன். வந்து இரண்டு வருடமாகியும் இந்த ஊர்க் குளிருடன் அவனுக்குச் சமரசம் ஆகவில்லை. பனிக்காலணியை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு, கையில் தன் ஊர்க் குழம்பான கம்போக் கிண்ணத்துடன் வந்து நின்றான்.

"என் பேரைப் போட்டாச்சா?"

"போட்டாச்சு. ஹேங் ஆனப்ப பட்டியல் எடுத்தேன். அறுபத்து மூணு பேர் ஒரே பூட்டு முன்னால நிக்கறாங்க. எல்லாரும் நீ எழுதின இடத்துல."

ஓடுகிற நிரல்களைத்தான் இவர்கள் ஆள் கணக்கில் 'பேர்' என்பார்கள். ஒரே சமயத்தில் ஒருவர் மட்டும் தொடவேண்டிய இடத்துக்குக் கெர்னலில் பூட்டு உண்டு. சாவி எடுத்தவர் வேலையை முடித்துத் திருப்பித் தரும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

"கூட்டம் என் கடை வாசல்லதான் நிக்குது, ஒத்துக்கறேன்" என்றான் மார்செல். "சாவி யார் கையில இருக்கு?"

"கூட்டம் உன் வாசல்ல, சாவி மட்டும் என் பையிலயா?"

"உங்க பட்டியல்ல மாட்டிக்கிட்டவங்க மட்டும்தான் இருக்காங்க, சிக்னி. சாவியை வச்சிருக்கறவன் மாட்டிக்கலையே. எங்கயோ சும்மா உக்காந்திருக்கான்."

சிக்னிக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்காமல் விட்டிருந்தால் அவள் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பெண்பிள்ளைக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

மையத்தின் அமைப்பை அப்படியே நகலெடுத்த சோதனை இயந்திரம் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை மணிக்கு அது ஹேங் ஆனது. இந்தத் தடவை மாட்டியவர், மாட்டாதவர் என்று பார்க்காமல் பதினோராயிரம் பேரையும் பட்டியல் எடுத்தாள். இருவரும் ஆளுக்குப் பாதியாகத் தேடினார்கள்.

சாவி கிடைத்தது ஒரு பொடிக் காவல் நிரலின் கையில். இயந்திரம் ஹேங் ஆகிறதா என்று கவனிப்பதுதான் அதன் வேலை. மற்றவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மையத்துக்காரர்கள் அதற்கு இவ்வளவு நேரம்தான் ஓடலாம் என்று ரேஷன் வைத்திருந்தார்கள். அது சாவியை எடுத்து, பதினோராயிரம் பேரையும் எண்ண ஆரம்பிக்கும். நூறு பேரை எண்ணுவதற்குள் ரேஷன் தீர்ந்துவிடும். சாவி பையில் இருக்க, கெர்னல் அதை வெளியே உட்கார வைத்துவிடும். மறுபடி ஒரு துளி நேரம், மறுபடி வெளியே. வேலியே பயிரை மேய்ந்த கதை. ரேஷன் வைத்த நாளும் புதிய கெர்னல் ஏறிய நாளும் ஒன்றாகப் போனதால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆகிவிட்டது.

ஆனால், எண்ணி முடிக்கும்வரை சாவியைத் தராதே என்று கெர்னலில் எழுதிவைத்த மகராசன் யார்? சிக்னி பழைய பதிவைத் திறந்தாள்.

சிக்னி டாலஃப்சன். ஒன்பது வருடத்துக்கு முன்னால்.

இருநூறு பேர் மட்டும் ஓடிய சின்ன இயந்திரங்களுக்காக எழுதியது. அழகாக இருக்கிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டது கூட ஞாபகம் இருந்தது. மார்செலும் பெயரைப் பார்த்தான். காலிக் கிண்ணத்தைச் சுரண்டினான். அவன் திட்டியிருந்தால் கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

நூறு நூறு பேராக எண்ணி, ஒவ்வொரு நூறுக்கும் சாவியைத் திருப்பித் தரும்படி மாற்றினாள். மொத்தம் பதினேழு வரி. மார்செல் அதைச் சோதனையில் ஏற்றி, மையத்தைப் போல இரண்டு மடங்கு சுமை கொடுத்தான். மறுநாள் காலை பத்து மணிவரை ஒரு ஹேங் கூட இல்லை.

மேலாளர் கெய்ல் பிரான்ட்வால்ட் வந்து பார்த்தாள். சிக்னி வந்த அதே வருடம் வேலைக்குச் சேர்ந்தவள்.

"அந்தக் கடைசி வரி வேணாமே, சிக்னி. ஒம்பது வருஷப் பழசு. ரேஷன் வச்சது அவங்க, அதை எழுதினா போதும். உன் பேர் எதுக்கு ஊர் சிரிக்க?"

"நேத்து மார்செல் பேரை எழுதினப்ப உனக்கு இது தோணலையே."

கெய்ல் திரையைச் சிக்னி பக்கம் திருப்பிவிட்டு நகர்ந்தாள்.

சிக்னி தட்டினாள். பிழை வந்த வழி: சிக்னி டாலஃப்சன். பிழையைக் காட்டியவர்: மார்செல் திபோடோ. திருத்தியவர்: சிக்னி டாலஃப்சன். தன் பெயர் மேலும் கீழுமாக நிற்பதைப் பார்த்தாள். கூசும் என்று நினைத்திருந்தாள்; நெஞ்சு நிமிர்ந்தது. இந்த வரியை எழுதத் தெரிந்தவள்தான் மற்ற வரிகளை எழுத யோக்கியதை உள்ளவள் என்று தோன்றியது.

பதினொன்றரைக்கு மையம் திருத்தத்தை ஏற்றிக்கொண்டது. மார்செலின் வேலையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"உன் பேரை எழுதி வச்சது என் தப்பு" என்றாள் அவனிடம்.

அவன் பதினேழு வரியையும் அடியில் இருந்த பெயர்களையும் இரண்டு தடவை படித்தான். இந்த ஊர்க்காரர்கள் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட மாட்டார்கள். உச்சகட்டப் பாராட்டே 'மோசமில்ல' என்பதுதான். இரண்டு வருடமாக அதைக் கிண்டல் செய்தே பொழுதை ஓட்டியவன் மார்செல்.

"மோசமில்ல" என்றான்.

"போய் எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டா" என்று சிக்னி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.