பூங்கோதை என்றுதான் வருகிறது

பக்கவாதத்தில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கண்ணை நன்றாகத் திறந்த அன்று, தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டி, என் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை "பூங்கோதை."

என் பெயர் மகேஸ்வரி.

பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு அது தெரியாது. "பேசிட்டாரும்மா, உன்னத்தான் கூப்புடுறாரு, போ" என்றார்கள். போனேன். தண்ணீரை வாயில் ஊற்றினேன். குடித்து முடித்து, என் முகத்தையே பார்த்து, மறுபடியும் "பூங்கோதை" என்றார். டம்ளரை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் பெருந்தன்மை.

பூங்கோதை யார் என்று எனக்குத் தெரியாதா? தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்க்கும் பீங்கான் பொம்மை கம்பெனியில் கூட வேலை செய்கிறவள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். ஆயுத பூஜைக்கு கம்பெனிக்குப் போனபோது ஒருமுறை பார்த்திருக்கிறேன். மாநிறம், நல்ல உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்தக் குழியை அன்றைக்கே மனதில் குறித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். பசித்தால் பூங்கோதை. ஃபேன் போட வேண்டுமென்றால் பூங்கோதை. வலது கையும் காலும் சரியாக வரவில்லை என்று அழுதேன். பேச்சு போனதற்கும் அழுதேன். ஆனால் போகிற பேச்சு முழுசாகப் போயிருக்கக் கூடாதா? அத்தனை வார்த்தைகளையும் வாரிக்கொண்டு போன நோய், இந்த ஒரு பெயரை மட்டும் ஏன் பத்திரமாக விட்டுவிட்டுப் போக வேண்டும்? வயிறு எரிந்தது. ஒருநாள் சோறு ஊட்டும்போது கேட்டே விட்டேன், "ஏன், அவளே வந்து ஊட்டட்டுமே?" என்று. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது. வாய் மட்டும் "பூங்கோதை" என்றது.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை அவரை ஆட்டோவில் வைத்து அழைத்துப் போவேன். பயிற்சி கொடுக்கும் பெண்ணின் பெயர் வெண்மதி. சின்ன வயதுதான், ஆனால் பொறுமைசாலி. அவளிடம் நேராகவே கேட்டேன்.

"மனசுல இருக்குறதுதான மேடம் வாயில வரும்?"

அவள் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு தலையை வரைந்தாள்.

"இடது நெத்திக்குப் பின்னால இருக்குற இந்த எடந்தாம்மா வார்த்தையைக் கோத்து வாய்க்கு அனுப்புது. சாருக்கு அடி வுழுந்தது அங்க. நாம பேசுறத புரிஞ்சுக்குற எடம் காதுக்குக் கிட்ட, இங்க இருக்குது. அது நல்லா இருக்குது. அதனால தப்பான பேரு வருதுன்னு அவருக்கே தெரியும். நிறுத்த முடியல."

"அப்ப இந்தப் பேரு மட்டும் எப்படி?"

"யோசிச்சுப் பேசுறது வேற, பழகிப் பழகித் தானா வர்றது வேற. ஒண்ணு ரெண்டு எண்ணுறது, திட்டுறது, பாட்டு, இதெல்லாம் வலது பக்கத்துலயும் மூளைக்கு உள்ளாழத்துலயும் கூட தங்கிக்கும். தினம் ஒரே ராகத்துல கூப்புட்ட பேரா இருந்தா தப்பிச்சிருக்கும்."

ராகம் வேறா? எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு எரியுது மேடம். அது எந்த எடம்?" என்றேன். வெண்மதி சிரித்துக்கொண்டே தலைக்கு நடுவில் பாதாம் பருப்பு மாதிரி ஒன்றை வரைந்து, அந்த எரிச்சலில் இதற்கும் பங்குண்டு என்றாள். என்னுடையது அவ்வளவு சின்னதாக இருக்க வாய்ப்பே இல்லை.

பிறகு அவள் கேட்டாள், "சார் உங்கள வூட்டுல எப்படிம்மா கூப்புடுவாரு?"

"கூப்புட வுட்டதே இல்ல மேடம். செருப்புச் சத்தம் கேட்டா தண்ணி. உக்காந்தா தட்டு. வாயத் தொறக்குறதுக்குள்ள எல்லாம் கையில இருக்கும்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

வெண்மதி பேனாவை மூடினாள். "அப்ப உங்க பேரு அவரு வாயில பழகவே இல்லைம்மா" என்றாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்கோதையே வந்தாள், ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு. அவர் அவளைப் பார்த்து "பூங்கோதை" என்றதும் "என்னாண்ணா?" என்று சட்டென்று எழுந்தாள். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. சமையலறைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"ஐயோ யக்கா, அது பேரா? தூக்குறதுக்குச் சத்தம்" என்றாள். "பலகை நெறைய சுடாத பொம்ம இருக்கும். ஒரு முனை நானு, ஒரு முனை ஒங்க வூட்டுக்காரரு, பழமலை அண்ணன். ஒண்ணா தூக்கலன்னா அத்தனையும் சரிஞ்சு வுழுந்துடும். 'பூங்கோ'ன்னு இழுத்தா குனியணும், 'தை'ன்னா தூக்கணும். நாளெல்லாம் அதான். சாப்புட்டியான்னு ஒரு வார்த்த கேட்டிருப்பாரா அந்த மனுசன்?"

அவள் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷமாக ஒரே பலகை, ஒரு முனை முந்தாமல், ஒரு முனை பிந்தாமல். இந்த வீட்டில் அவரோடு சேர்ந்து நான் எதைத் தூக்கியிருக்கிறேன்? கேஸ் சிலிண்டரைக்கூட அவர் வருவதற்குள் நானே உருட்டிக்கொண்டு போய் வைத்துவிடுவேன். கன்னக்குழியை மறந்துவிட்டேன். அந்தப் பலகையை மறக்க முடியவில்லை.

"அந்த ராகத்த எனக்கு ஒரு தடவ சொல்லிக் காட்டு" என்றேன். அவளிடம் கேட்க வேண்டியிருந்ததே என்று நாக்கு கசந்தது. அவள் பாடிக் காட்டினாள்.

மறுநாள் காலை வாசலில் அண்டாவை வைத்து, கொஞ்சம் தண்ணீர் பிடித்தேன். அண்டாவின் ஒரு காதை அவருடைய இடது கையில் கொடுத்தேன். இன்னொரு காது எனக்கு. "மகேஸ்னா குனியணும், வரின்னா தூக்கணும். நீங்கதான் சொல்லணும்" என்று பாடிக் காட்டினேன்.

"பூங்கோதை" என்று தூக்கினார். நான் தூக்கவில்லை. தண்ணீர் சரிந்து அவர் வேட்டியை நனைத்தது.

அன்றிலிருந்து கேட்காமல் எதையும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். டீயைக் கையில் பிடித்தபடி எதிரே உட்கார்ந்தேன். பூங்கோதை என்று வந்தால் டீயை நானே குடித்தேன். முறைத்தார். முறைக்கட்டும். பாவமாக இருந்த நாட்களில் பாதி டம்ளர் கொடுத்தேன். காலையில் மட்டும் அண்டாவை விடவில்லை. வெண்மதி சொன்னபடி அவர் இடது கையைத் தொடையில் தட்டவைத்து, அந்த ராகத்தை இருவரும் முணுமுணுத்துவிட்டுத்தான் குனிவோம்.

மழைக்காலம் தொடங்கி ஒரு காலை. அண்டாவின் காதைப் பிடித்தார். உதடு வெகுநேரம் மூடியே இருந்தது. "பூ" வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மகேஸ்…" என்றார். குனிந்தேன். "…வரி."

அவர் பக்கம் அண்டா எழும்பியது. என் பக்கம் எழும்பவில்லை. தண்ணீர் எங்கள் கால்களில் ஊற்றியது. அவர் என்னைப் பார்த்து, இன்னும் சத்தமாக, "மகேஸ்வரி" என்றார்.

எதிர்வீட்டுச் சின்னம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "அடியே, ஒன் வூட்டுக்காரரு ஒன்ன பேரு சொல்லிக் கூப்புடுறாரு, காது கேக்கலியா?"

"கேக்கலியே" என்றேன்.

அவர் மறுபடியும் கூப்பிட்டார்.