கினோவா மெஷினின் ஞானத்தகப்பன்

தலைநகர் லிமாவின் காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை ருத் இரண்டு முறை வாசித்தாள். காப்புரிமைக்கு விண்ணப்பித்து ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. படம் தெளிவாக இல்லை என்று ஒரு கடிதம், படத்தில் எண்கள் இல்லை என்று ஒரு கடிதம், வேறு எந்த மெஷினிலும் இல்லாதது உங்களுடையதில் என்ன என்று ஒரு கடிதம். இது நாலாவது. என் கணவர் செனோபியோ சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எனக்குத் தூக்கம் வந்தது.

"யாரோ ஆட்சேபம் போட்டிருக்காங்கம்மா" என்றாள் ருத். எங்களைப் போன்றவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இலவசமாக விண்ணப்பம் எழுதித் தரும் இன்ஜினியர் அவள். "உங்க மெஷின் புதுசு இல்லையாம். விண்ணப்பம் போடறதுக்குப் பதினாலு மாசம் முந்தியே ஊரறிய ஓட்டிக் காட்டிட்டீங்களாம். ஒரு வருஷம் தாண்டிட்டா உரிமை கிடைக்காது."

"போட்டது யாரு?"

"ஆர்ஸேனியோன்னு ஒருத்தர். போட்டோவும் வச்சிருக்கார்."

ஆர்ஸேனியோ எங்கள் மெஷினின் ஞானத்தகப்பன்.

எங்கள் ஊர் ஹுலியாக்காவில் மந்திரிக்காத மெஷினின் சுவிட்சை யாரும் தொடமாட்டார்கள். லாரியோ தையல் மெஷினோ, பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிக்க வேண்டும், ஞானத்தகப்பன் ஒருவர் பீர்ப் பெட்டிகளோடும் பித்தளைப் பலகையோடும் வந்து நிற்க வேண்டும். வசதியான ஆளாகப் பார்த்துப் பிடிப்போம். நாங்கள் பிடித்தது பெரிய பட்டறைக்காரர் ஆர்ஸேனியோவை. பலகையில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, எங்கள் பெயர் பொடி எழுத்தில், அதற்கும் கீழே தேதி. தலையெல்லாம் வண்ணக் காகிதத் துணுக்கோடு அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு அவர் எடுத்துக்கொண்ட படம்தான் இப்போது எங்களுக்கு எதிரான சாட்சி. ஞானத்தகப்பனாக நின்றால் சம்பந்தி முறை. உறவாகிவிட்ட பிறகு வாரம் தவறாமல் வந்தார், என் சூப்பைக் குடித்தார், மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தார். இப்போது அவர் பட்டறையில் அதே மாதிரி ஆறு மெஷின் நிற்கிறது.

"அன்னிக்கு மெஷின் ஓடிச்சாம்மா?" என்று கேட்டாள் ருத்.

செனோபியோ என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"மோட்டார் ஓடிச்சு" என்றேன். "உள்ள ஒண்ணும் இல்ல."

கினோவா தானியத்தின் கசப்பைத் தண்ணீரில்லாமல் தேய்த்து எடுக்கும் ரப்பர் உருளைதான் செனோபியோவின் கண்டுபிடிப்பு. மந்திரிக்க இருந்த வாரம் அது கிழிந்துபோனது. நாள் குறித்தாகிவிட்டது, பாதிரியாருக்குச் சொல்லியாகிவிட்டது, பீரும் வந்துவிட்டது. செனோபியோ அடுக்களைக்கு வந்து நின்றார். அரை மூட்டை கினோவாவை இரண்டு நாள் உட்கார்ந்து கையால் கழுவினேன். நுரை அடங்க அடங்கப் புதுத் தண்ணீர், அதுவும் எங்கள் ஊர்க் குளிர்காலமான ஜூன் மாதத் தண்ணீர். வெயிலில் காயவைத்து, மெஷினின் பின்புறம் கொட்டி மூடினோம். சுவிட்சைப் போட்டதும் முன்பக்கம் வெள்ளைவெளேரென்று விழுந்தது. பாதிரியார் நாலு மணியை வாயில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். "கசப்பே இல்லையே, சம்பந்தி" என்று ஆர்ஸேனியோ செனோபியோவைக் கட்டிப்பிடித்தார். உருளை சரியாக வந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து.

ருத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதைத்தாம்மா எழுதணும். காலி டப்பாவை யார் பார்த்தா என்ன? உரிமை கேக்கறது உருளைக்குத்தானே. அன்னிக்கு அது இல்லவே இல்லைன்னு ஐயா நோட்டரி முன்னாடி எழுதிக் குடுக்கட்டும்."

"மாட்டேன்" என்றார் செனோபியோ. "பாதிரியாரையும் ஊரையும் ஏமாத்தினேன்னு நானே கையெழுத்துப் போடவா? இந்தத் தெருவுல அப்புறம் எவன் என்கிட்ட இரும்பு கேட்டைப் பத்தவைக்கக் குடுப்பான்?"

"போடலைன்னா மெஷினை மறந்துடுங்க ஐயா. போட்டாலும் சும்மா சொன்னா நம்பமாட்டாங்க. அந்தத் தேதியில ஏதாவது அத்தாட்சி வேணும்."

இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் எழுந்து, இன்சூரன்ஸ் சீட்டுகள் வைத்திருக்கும் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினேன். சுகாதார நிலையத்துச் சீட்டு அடியில் கிடந்தது. அதை செனோபியோவிடம் கொடுத்தேன்.

அவர் சத்தமாக வாசித்தார். "இரண்டு நாள் தொடர்ந்து கினோவா கழுவியதால் இரு கைகளிலும் ஆழமான வெடிப்பு, ரத்தக் கசிவு." தேதியையும் வாசித்தார். மெஷினை மந்திரித்ததற்கு மறுநாள்.

"இதுக்கு எப்ப போனே?"

"அதான் போட்டிருக்கே."

"எங்கிட்டே சொல்லவேயில்ல."

"மூணு நாள் உன் சம்பந்தியோட குடிச்சிக்கிட்டிருந்தே. அதுல எந்த நாள் சொல்லியிருக்கணும்?"

ருத் தன் கைப்பையில் எதையோ தேடினாள். செனோபியோ சீட்டை மடிக்கப் போனார், மடிக்காமல் மேசையில் வைத்தார். "நோட்டரி எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டார்.

எட்டு மாதம் கழித்து உரிமை கிடைத்தது. முத்திரையோடு அவர் பெயர். ஆட்சேபத்தைத் தள்ளிய தீர்ப்பில் பன்னிரண்டாம் பக்கத்தில் என் கைகளைப் பற்றி மூன்று வரி இருந்தது. ஆர்ஸேனியோ திருப்புளியோடு வந்து பித்தளைப் பலகையைத் தானே கழற்றிக்கொண்டு போனார். வேறு யாரும் ஞானத்தகப்பனாக நிற்கச் சம்மதிக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் வந்து, "உள்ள யாரு இருக்கா, அக்காவா?" என்று மெஷினைத் தட்டிக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு மூட்டையையும் இறக்குகிறார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை வரிசை. நடுவில் எங்கள் வீட்டுக் கினோவாவைப் போட இடமே கிடைப்பதில்லை.

நேற்றும் கையால்தான் கழுவிக்கொண்டிருந்தேன். செனோபியோ வந்து பக்கத்தில் நின்றார்.

"தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்கா?"

நகர்ந்து இடம் விட்டேன். அவர் கையை விட்டுப் பார்த்தார், சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு மறுபடியும் விட்டார்.